பழைய ஃபெலனி இருந்தா ப்ரொபேஷன் கிடைக்குமா? டெக்சஸ் சட்டம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

தோசைக்கல் | செவ்வாய், இரவு 11:42

எல்லாருக்கும் வணக்கம். இர்விங்ல சின்னதா ஒரு டிபன் கடை வெச்சிருக்கேன். என் கல்லுல 11 வருஷமா நிக்கிறவரு டெக்சஸ்லயே பொறந்து வளர்ந்த ஆளு. தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது. ஆனா மூடியைத் திறந்து மோந்து பாத்தே மாவு புளிச்சிருச்சா இல்லையான்னு சொல்லிருவாரு.

போன மாசம் ராத்திரி வண்டியை நிறுத்திச் சோதனை போட்டிருக்காங்க. சட்டைப் பையில கொகெய்ன். ஜாமீன்ல வந்துட்டாரு, வேலைக்கும் வர்றாரு. அப்பதான் சொல்றாரு, 2009ல ஏற்கெனவே ஒரு ஃபெலனி, அதாவது பெரிய குற்றத்துக்கான தீர்ப்பு, இருக்குன்னு. எனக்கு இத்தனை வருஷமா தெரியாது.

கோர்ட்டு போட்டுக் குடுத்த வக்கீல் சொன்னது: "ப்ரொபேஷன் ஜட்ஜ்கிட்ட கேக்கலாம், ஜூரிகிட்ட கேக்க உனக்குத் தகுதி இல்லை." ப்ரொபேஷன்னா ஜெயிலுக்குப் பதிலா கண்காணிப்புல வெளியே விடறது, ஜூரின்னா பொதுமக்கள்லேர்ந்து எடுக்கற குழு. ஒரே கேஸு, ஒரே கோர்ட்டு. ஜட்ஜுக்கு ஒரு சட்டம், ஜூரிக்கு ஒரு சட்டமா? அவருக்கும் புரியலை, எனக்கும் புரியலை. வக்கீலைப் பிடிக்கவே முடியலை.

நெல்லை நாட்டாமை | புதன், காலை 6:15

ஒரு தடவை ஃபெலனி விழுந்துட்டா அமெரிக்கா முழுக்க ப்ரொபேஷன் கிடையாது. கலிஃபோர்னியாவுல எங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்கு அப்படித்தான் ஆச்சு, நேரா ஜெயிலு. தோசை சுட வேற ஆளா கிடைக்காது? பாத்துக்கோங்க.

கோர்ட்டு குமாஸ்தா | புதன், காலை 7:50

நாட்டாமை, காபி குடிச்சிட்டு எழுதியிருக்கலாம்.

தோசைக்கல் அண்ணே, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் வக்கீல் இல்லை. டாலஸ்ல குற்றவியல் வக்கீல் ஒருத்தர்கிட்ட 9 வருஷமா ஃபைல் தூக்கறவன். உங்காளோட வக்கீல் சொன்னது சரி. ஏன்னு சொல்றேன்.

அமெரிக்காவுல பெரும்பாலான இடங்கள்ல ஜூரியோட வேலை குற்றவாளியா இல்லையான்னு சொல்றதோட முடிஞ்சிரும், தண்டனை ஜட்ஜ் பாடு. டெக்சஸ் அப்படி இல்லை. இங்கே தண்டனையையும் ஜூரியே முடிவு பண்ணட்டும்னு குற்றம் சாட்டப்பட்டவர் கேக்கலாம். அதனால ப்ரொபேஷனுக்கும் ரெண்டு வழி. சட்டப் புத்தகத்துல இதுக்குப் பேரே வேற, 'சமூகக் கண்காணிப்பு'ங்கற அர்த்தத்துல எழுதியிருப்பாங்க. கோர்ட்டு வராந்தாவுல எல்லாரும் சொல்றது ப்ரொபேஷன்தான்.

ஜூரி வழி, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 42ஏ.055. விசாரணை தொடங்கறதுக்கு முன்னாடியே "இந்த மாநிலத்துலயோ வேற எந்த மாநிலத்துலயோ எனக்கு ஃபெலனித் தீர்ப்பு ஆனதில்லை"ன்னு சத்தியம் பண்ணி மனு போடணும். அது உண்மைதான்னு ஜூரியும் தீர்ப்புல எழுதணும். பழைய ஃபெலனி ஒண்ணு இருந்தாலும் அந்த மனுவுல கையெழுத்துப் போட முடியாது. போட்டா பொய்ச்சத்தியம், அது தனிக் கேஸு.

ஜட்ஜ் வழி, 42ஏ.053. அங்கே இந்தச் சத்தியம் கிடையாது. தண்டனை 10 வருஷத்தைத் தாண்டக் கூடாது, 42ஏ.054ல இருக்கற கொலை, ஆயுதத்தோட வழிப்பறி மாதிரி பட்டியல்ல வரக் கூடாது. பழைய ஃபெலனி இருக்குங்கறதுக்காக மட்டும் ஜட்ஜோட கையை யாரும் கட்டலை.

இந்தச் சட்டம் 42ஏன்னு ஆனது 2017 ஜனவரியில. அதுக்கு முன்னாடி 42.12. பழைய வக்கீல்கள் இன்னும் "த்ரீ ஜி கேஸா?"ன்னு கேப்பாங்க, செல்போன் சமாச்சாரம்னு நெனச்சுக்காதீங்க. பழைய சட்டத்துல அந்தப் பட்டியல் இருந்த உட்பிரிவு அது.

இப்ப எனக்கு மூணு விஷயம் தெரியணும். கொகெய்ன் எத்தனை கிராம்? 2009ல என்ன குற்றம், சரியான பேர் என்ன? அந்தக் கேஸ் எப்படி முடிஞ்சது?

ஃப்ரீமான்ட் பாலா | புதன், காலை 10:05

நாட்டாமை அவர்களுக்கு ஒரு திருத்தம். நான் கலிஃபோர்னியாவில் ஒரு கவுண்டியின் ப்ரொபேஷன் அலுவலகத்தில் 14 ஆண்டுகள் அறிக்கை தயாரித்து ஓய்வு பெற்றவன். இங்கேயும் ஒரே ஒரு பழைய ஃபெலனியால் ப்ரொபேஷன் போய்விடாது. தண்டனைச் சட்டம் 1203ஆம் பிரிவு, முன்பு இரண்டு முறை ஃபெலனித் தீர்ப்பு பெற்றவருக்கே கொடுக்கக் கூடாது என்கிறது. அதற்கும் விலக்கு உண்டு. 'வழக்கத்துக்கு மாறான வழக்கு' என்று நீதிபதி கருதினால் கொடுக்கலாம். பழைய குற்றத்தைவிட இப்போதையது சிறியதா, இடையில் நெடுங்காலம் சிறை வாசலை மிதிக்காமல் ஒழுங்காக இருந்தாரா என்று பார்க்கும்படி நீதிமன்ற விதி 4.413இல் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

உங்கள் அலுவலக நண்பருக்குப் பெரும்பாலும் பழைய 'ஸ்ட்ரைக்' இருந்திருக்கும். 1994இல் வந்த மூன்று ஸ்ட்ரைக் சட்டப்படி, வழிப்பறி, குடியிருக்கும் வீட்டுக்குள் புகுந்து திருடுவது போன்ற ஒரு பழைய தீர்ப்பு இருந்தால் போதும். புதிய ஃபெலனி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ப்ரொபேஷன் கிடையாது, தண்டனையும் இரட்டிப்பு. அதற்கும் 1996இல் ஒரு வழி பிறந்தது. ரொமேரோ வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், நீதியின் நலன் கருதி நீதிபதி பழைய ஸ்ட்ரைக்கை ஒதுக்கி வைக்கலாம் என்றது. அந்த ரொமேரோவிடம் இருந்தது 0.13 கிராம் கொகெய்ன். இன்றும் இங்கே வக்கீல்கள் "ரொமேரோ போட்டிருக்கேன்" என்று வினைச்சொல் மாதிரிதான் பேசுவார்கள்.

நெல்லை நாட்டாமை | புதன், மதியம் 12:31

சரி, ஸ்ட்ரைக்காவே இருக்கட்டும். நான் கேக்கறது ஒண்ணுதான். ஒரு தடவை திருந்தச் சொல்லி விட்டாச்சு, திருந்தலை. மறுபடியும் அதே சலுகையா? ஒழுங்கா இருக்கறவன் என்ன இளிச்சவாயனா?

தோசைக்கல் | புதன், இரவு 11:58

கடை மூடிட்டு அவரை உக்கார வெச்சு எல்லாம் கேட்டேன்.

கொகெய்ன் 0.6 கிராம்னு போட்டிருக்கு. அதுல பாதி வேற மாவுங்கறாரு. 2009ல பூட்டிக் கிடந்த ஒரு கடையோட குடோன்ல ராத்திரி புகுந்திருக்காங்க, மூணு பேரு. ப்ரொபேஷன் குடுத்தாங்களாம். 2011ல சிறுநீர்ச் சோதனையில ரெண்டு தடவை மாட்டி, அதை ரத்து பண்ணி 8 மாசம் உள்ள இருந்திருக்காரு. அதுக்கப்புறம் ஒரு டிராஃபிக் டிக்கெட்கூட இல்லை.

நாட்டாமை, நீங்க கேக்கறது நியாயம்தான். எனக்கும் மொத நாள் கோவம்தான் வந்துச்சு, சொல்லலைங்கற கோவம்.

கோர்ட்டு குமாஸ்தா | வியாழன், காலை 8:20

மாவைக் கழிச்சுக் கணக்குப் பண்ண மாட்டாங்க அண்ணே. கலப்படத்தோட சேத்துத்தான் எடை. இருந்தாலும் 0.6ங்கறது 1 கிராமுக்குக் கீழே, அதுல அவருக்கு ஒரு லாபம் இருக்கு. 1 கிராமுக்குக் கீழேன்னா 'ஸ்டேட் ஜெயில் ஃபெலனி'. 180 நாள்லேர்ந்து 2 வருஷம் வரைக்கும். ஃபெலனியில அதுதான் கடைசிப் படி.

கொஞ்சம் பொறுமையா படிங்க. இந்தச் சின்ன அளவு போதைக் கேஸ்ல முதல் தடவை மாட்டறவருக்கு 42ஏ.551 சொல்றது, ஜட்ஜ் ப்ரொபேஷன் கொடுத்தே ஆகணும். கொடுக்கலாம் இல்லை, கொடுக்கணும். பழைய ஃபெலனி இருந்தா அந்த 'கொடுக்கணும்' அங்கேயே 'கொடுக்கலாம்'னு மாறிடும். ஜட்ஜ் விரும்பினா ப்ரொபேஷன், இல்லைன்னா ஸ்டேட் ஜெயில். உங்காளு நிக்கிற இடம் அது. தகுதி போகலை, உத்தரவாதம் போயிருச்சு.

2009ல எது மேல புகுந்தாங்கன்னு நான் ஏன் கேட்டேன்னா, குடியிருக்கற வீடுன்னா இரண்டாம் நிலை ஃபெலனி. குடோன், கடைன்னா ஸ்டேட் ஜெயில் ஃபெலனி. தண்டனையை உயர்த்தற சட்டத்துல இந்த வித்தியாசம் பெருசு. உதாரணத்துக்கு, 1 கிராமுக்கு மேல 4 கிராமுக்குக் கீழே வெச்சிருந்தா மூன்றாம் நிலை, 2லேர்ந்து 10 வருஷம். அவருக்கு ஸ்டேட் ஜெயில் வகை இல்லாத பழைய ஃபெலனி ஒண்ணு இருந்தா அதுவே 2லேர்ந்து 20 ஆயிரும். அந்த மாதிரி ரெண்டு, ஒண்ணு முடிஞ்சப்புறம் ஒண்ணுன்னு இருந்தா கீழ் வரம்பே 25 வருஷம். ஜட்ஜ் ப்ரொபேஷன் கொடுக்கத் தண்டனை 10க்குள்ள இருக்கணும்னு மேல சொன்னேன் இல்லையா? 25க்கும் 10க்கும் எப்படி ஒத்துப் போகும்? 'பழைய ஃபெலனி இருந்தா ப்ரொபேஷன் இல்லை'ன்னு எந்த வரியும் இல்லாமலே கணக்கு அவனை வெளியே தள்ளிரும். அப்படிப்பட்ட கேஸ்ல வக்கீலோட முழு வேலையும் அரசுத் தரப்புகிட்ட கெஞ்சி, குற்றப்பத்திரிகையிலேர்ந்து அந்தப் பழைய கேஸ் பத்தியை எடுக்க வைக்கறதுதான். பத்தி போனா 25 போயிரும்.

உங்காளுக்கு இந்தத் தலைவலி இல்லை. பழையதும் ஸ்டேட் ஜெயில், அதுவும் ஒண்ணே ஒண்ணு.

கேட்டி கமலா | வியாழன், காலை 11:40

ப்ரொபேஷன்னா எனக்கெல்லாம் ஞாபகம் வர்றது எங்கப்பா கவர்மெண்ட் வேலையில சேர்ந்து ரெண்டு வருஷம் முடிச்சு இனிப்பு வாங்கிட்டு வந்ததுதான். இங்கே வந்துதான் இந்த அர்த்தமும் தெரிஞ்சுது.

ஒரு சந்தேகம். எங்க தூரத்துச் சொந்தத்துல ஒரு பையன், கிரீன் கார்டு. 'டிஃபர்டு'ன்னு ஒண்ணு வாங்கி நல்லபடியா முடிச்சான். "உனக்குத் தீர்ப்பே இல்லை, கேஸ் போயிருச்சு"ன்னு சொன்னாங்க. அது பழைய ஃபெலனிக் கணக்குல வருமா?

கோர்ட்டு குமாஸ்தா | வியாழன், மதியம் 1:15

கமலாக்கா, இந்த இழையிலேயே பெரிய கேள்வி உங்களுதுதான். பழைய கேஸ் 'இருக்கு'ங்கறதுக்கு டெக்சஸ்ல மூணு விதமான அர்த்தம் உண்டு.

உள்ளே போயிட்டு வந்தது, இல்லை ப்ரொபேஷன் கொடுத்து அப்புறம் ரத்தானது. இது இறுதித் தீர்ப்பு. எல்லாத்துக்கும் கணக்குல வரும். தோசைக்கல் அண்ணனோட ஆளு இந்த ரகம்.

குற்றவாளின்னு தீர்ப்பாகி, ப்ரொபேஷன் கொடுத்து, அதைக் கடைசி வரைக்கும் ஒழுங்கா முடிச்சது. இதுதான் எல்லாரையும் குழப்பும். ஜூரிகிட்ட போடற சத்திய மனுவுக்கு இதுவும் ஃபெலனித் தீர்ப்புதான், அந்த வழி போச்சு. ஆனா மேல சொன்ன தண்டனையை உயர்த்தற கணக்குக்குப் பொதுவா இது 'இறுதி' ஆகலை, அதனால சேராது. சில பாலியல் குற்றம், குடிச்சிட்டு ஓட்டற கேஸ் எல்லாம் இதுக்கு விலக்கு. ஒரே காகிதம், ஒரு மேசையில செல்லும், பக்கத்து மேசையில செல்லாது.

மூணாவது, உங்க பையனோட டிஃபர்டு. குற்றத்தை ஒத்துக்கறான், ஜட்ஜ் குற்றவாளின்னு சொல்லாமலே தள்ளி வெச்சுக் கண்காணிப்புல விடறாரு. முடிச்சா கேஸ் தள்ளுபடி. டெக்சஸ் சட்டப்படி தீர்ப்பே இல்லை, நாளைக்கு ஏதாவது ஆனாலும் ஜூரிகிட்ட அந்தச் சத்தியத்தை அவன் தைரியமா பண்ணலாம். நடுவுல சொதப்பினா மட்டும் ஆபத்து, அந்தக் குற்றத்தோட முழுத் தண்டனையும் ஜட்ஜ் கையில வந்துரும்.

ஆனா அவன் கிரீன் கார்டுங்கறீங்க. குடியேற்றச் சட்டத்துக்கு டெக்சஸ் என்ன பேர் வெச்சாலும் கவலை இல்லை. 1996லேர்ந்து அவங்க வரையறை தனி. ஒத்துக்கிட்டு, ஜட்ஜ் ஏதாவது ஒரு கட்டுப்பாடு போட்டாலே அது தீர்ப்பு. டிஃபர்டும் அதுல மாட்டிக்கும். ஜெயில் தண்டனையைப் போட்டு நிறுத்தி வெச்சாலும், நிறுத்தி வெச்ச அந்த ஒரு வருஷத்தை அவங்க ஒரு வருஷமாத்தான் எண்ணுவாங்க. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி, சிட்டிசன்ஷிப் போடறதுக்கு முன்னாடி, குடியேற்ற வக்கீல் ஒருத்தரைப் பாக்கச் சொல்லுங்க. குற்றவியல் வக்கீல் இல்லை, குடியேற்ற வக்கீல்.

ஃப்ரீமான்ட் பாலா | வியாழன், மாலை 4:48

இதை எல்லோரும் படிக்க வேண்டும். 2010இல் பாடில்லா எதிர் கென்டக்கி வழக்கில், நாடுகடத்தல் ஆபத்தை வக்கீல் கட்சிக்காரரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பாடில்லா ஹோண்டுராஸில் பிறந்தவர், 40 ஆண்டுகளாக அமெரிக்காவில் வாழ்ந்த லாரி ஓட்டுநர், வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். இவ்வளவு காலம் இங்கே இருப்பதால் கவலை வேண்டாம் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருந்தார்.

இன்னொன்று. கலிஃபோர்னியாவில் 1203.4 மனு போட்டுத் தீர்ப்பைத் துடைத்துவிட்டால் பழையது போயே போச்சு என்று பலர் நம்புகிறார்கள். வேலை தேட உதவும். அடுத்த குற்ற வழக்கு வந்தால் அதே பழைய தீர்ப்பு எழுந்து வந்து நிற்கும். அந்தப் பிரிவிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

தோசைக்கல் | வியாழன், இரவு 11:30

குமாஸ்தா தம்பி, தலை சுத்துது, ஆனா புரியுது. அப்ப ஜட்ஜ் எதை வெச்சு முடிவு பண்ணுவாரு? நான் ஏதாவது செய்யலாமா? நல்லவருன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கவான்னு கேட்டேன், குடுங்கன்னாரு.

கோர்ட்டு குமாஸ்தா | வெள்ளி, காலை 8:05

எழுதுங்க, ஆனா 'நல்லவரு'ன்னு எழுதாதீங்க. அந்த வார்த்தையை ஜட்ஜ் ஒரு நாளைக்கு இருபது லெட்டர்ல பாக்கறாரு. நீங்க கண்ணால பாத்ததை எழுதுங்க. எத்தனை மணிக்குக் கடை திறக்க வர்றாரு, சாவி யார்கிட்ட இருக்கு, கல்லாப்பெட்டியில கை வெக்க விட்டிருக்கீங்களா, கேஸ் ஆனப்புறமும் வேலை இருக்கா. அப்புறம் முக்கியமானது, 2009 உங்களுக்குத் தெரியும்னு எழுதுங்க. இல்லைன்னா கூண்டுல ஏத்தி அரசுத் தரப்பு வக்கீல் கேக்கற முதல் கேள்வியே "குடோன் கேஸ் உங்களுக்குத் தெரியுமா?"ங்கறதுதான். நீங்க முழிச்சீங்கன்னா லெட்டர் குப்பை. "போன மாசம்தான் சொன்னாரு, தெரிஞ்சும் வேலையில வெச்சிருக்கேன்"னு நீங்களே முந்திக்கிட்டா அவருக்குக் கேக்க ஒண்ணும் இருக்காது.

கண்காணிப்புத் துறை அலுவலர் ஒருத்தர் அவர்கிட்ட பேசி, தண்டனைக்கு முந்தைய அறிக்கை எழுதுவாரு. அங்கே போய்ப் பழைய கேஸைப் பூசி மெழுக வேணாம்னு சொல்லுங்க, எல்லாம் அவங்க கணினியில இருக்கு. அவருக்கு நிஜமான இடைஞ்சல் 2009 திருட்டு இல்லை அண்ணே. 2011ல ப்ரொபேஷன் ரத்தானது. "ஒரு தடவை கொடுத்தோம், சோதனையில மாட்டினான். இப்பவும் அதே போதை"ம்பாங்க. நாட்டாமை கேட்ட அதே கேள்விதான், அங்கே கோட்டுப் போட்டுக்கிட்டுக் கேப்பாங்க. அதுக்குப் பதில் பேச்சுல இல்லை. தேதிக்கு முன்னாடியே அவராப் போய் சிகிச்சையில சேர்ந்து, வாராவாரம் சோதனை பண்ணிச் சுத்தம்னு காகிதம் வெச்சிருந்தா அது பதில்.

ப்ரொபேஷன் கொடுத்தாலும் சும்மா விட மாட்டாங்கன்னு எதிர்பாருங்க. இந்த ரகக் கேஸுக்கு 2லேர்ந்து 5 வருஷம், நீட்டவும் செய்யலாம். மாசம் 25லேர்ந்து 60 டாலர் வரைக்கும் கண்காணிப்புக் கட்டணம். ஜட்ஜுக்குச் சந்தேகம் இருந்தா முதல்ல 90 நாள்லேர்ந்து ஒரு வருஷம் வரைக்கும் பூட்டின சிகிச்சை மையத்துல போட்டு, அப்புறம் வெளியே விடுவாரு. மறுபடியும் மாட்டினா ரத்து விசாரணையில ஜூரி கிடையாது. சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்கணும்ங்கறதும் கிடையாது, நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு காட்டினா போதும்.

அதனாலதான் சில பேரு "6 மாசம் ஸ்டேட் ஜெயிலே குடுங்க, முடிச்சிட்டு வந்துடறேன்"னு ப்ரொபேஷனை வேணாங்கறாங்க. ஸ்டேட் ஜெயில்ல பரோலும் கிடையாது. ஆனா போனா வந்தா முடிஞ்சுது, யாரும் பின்னாடியே வரப் போறதில்லை. எங்க ஆபீஸ்ல வாரத்துக்கு ஒருத்தராவது இப்படிக் கேப்பாங்க. உங்காளு எந்தப் பக்கம்னு அவர்கிட்டயே கேளுங்க, நாம இங்கே உக்காந்து முடிவு பண்ண வேணாம்.

நெல்லை நாட்டாமை | வெள்ளி, காலை 9:12

மாசம் 60 டாலர் கட்டணும், கப்பில பிடிச்சுக் குடுக்கணும், 5 வருஷம் ஒருத்தன் பின்னாடியே வருவான். இதையா நான் சலுகைன்னேன். எனக்குன்னா ஜெயிலே தேவலை போலருக்கு.

இருந்தாலும் 'கொடுக்கணும்'ங்கறதை 'கொடுக்கலாம்'னு மாத்தினது சரிதான்ங்கறதுல நான் மாறலை.

கோர்ட்டு குமாஸ்தா | வெள்ளி, காலை 9:30

அதுல எனக்கும் சண்டை இல்லை நாட்டாமை.

தோசைக்கல் | அடுத்த புதன், இரவு 11:47

அவரைக் கேட்டேன். ரொம்ப நேரம் கல்லைத் தேய்ச்சிக்கிட்டே இருந்தாரு. போன தடவை ரத்தானப்ப பொண்ணுக்கு ரெண்டு வயசாம், இப்ப ஹைஸ்கூல். ப்ரொபேஷனே கேக்கலாம்ங்கறாரு. திங்கக்கிழமைலேர்ந்து சாயந்திரம் சிகிச்சை வகுப்புக்குப் போறாரு, அந்த ரெண்டு மணி நேரம் கல்லுல நான்தான். எல்லா தோசையும் ஓரம் கருகுது, ஒரு ரெகுலர் கஸ்டமர் திட்டிட்டே போனாரு.

இன்னிக்குக் கோர்ட்டு தேதி. போனோம், "ரீசெட்"னு ஒரு காகிதத்தைக் குடுத்து அனுப்பிட்டாங்க. ஆறு வாரம் தள்ளி. இது கெட்டதா?

கோர்ட்டு குமாஸ்தா | வியாழன், காலை 7:58

இல்லை. பெரும்பாலும் லேப் ரிப்போர்ட் வந்திருக்காது. ஆறு வாரம்னா ஆறு சோதனைக் காகிதம், ஒண்ணு விடாம வாங்கி ஃபைல்ல போடச் சொல்லுங்க. லெட்டர்ல தேதி போட வேணாம், அடுத்த தேதிக்கு முந்தின வாரம் போட்டுக்கலாம்.